மணற்காடா, நெடுந்தீவா, தார் பாலைவனமா? யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மணல்வெளிக் கூடாரப் பயணம்

நல்லூர்த் திருவிழாக் காலம் நெருங்கும்போது எனக்கு வரும் கேள்விகளில் ஒன்று ஒவ்வொரு வருடமும் திரும்ப வருகிறது. "கனடாவிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். மணல்வெளியில் கூடாரம் அடித்து இரண்டு மூன்று இரவு தங்க ஆசைப்படுகிறார்கள். ஊரைக் கெடுக்காத மாதிரி, வழி தெரிந்த ஒருவரோடு போக வேண்டும். மணற்காட்டுக்குப் போவதா, நெடுந்தீவுக்குப் போவதா, இல்லை ஒரேயடியாக ராஜஸ்தானுக்கே போய்விடுவதா?"

மூன்றிலும் நான் கூடாரத்தில் படுத்திருக்கிறேன். மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்று இல்லை. யார் போகிறார்கள், எந்த மாதம் போகிறார்கள் என்பதை வைத்து விடை மாறும். ஆனால் எந்த இடமானாலும் நான் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: அங்கே தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பாவித்த பிறகு எங்கே போகிறது?

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். யாழ்ப்பாணத்தில் பாலைவனம் கிடையாது. வருடத்துக்கு 250 மில்லிமீற்றருக்கும் குறைவாக மழை பெறும் நிலத்தைத்தான் பொதுவாகப் பாலைவனம் என்பார்கள். நமக்கு 1000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது, அதில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டித் தீர்க்கிறது. பாலை என்றால் நம்மில் பலருக்கு வன்னிக் காட்டுப் பாலைப்பழம்தான் முதலில் நினைவுக்கு வரும். நம்மிடம் இருப்பவை கடலோர மணல்மேடுகளும், கோடையில் காய்ந்து வெளிறிப்போகும் தீவுப் புல்வெளியும். உண்மையான பாலைவனத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கடல் கடந்துதான் போக வேண்டும்.

## எதை வைத்து எடை போடுவது

தண்ணீர். வெயிலில் நடக்கும் ஒருவருக்குக் குடிக்க மட்டும் நாளுக்கு நாலைந்து லீற்றர் வேண்டும். சமையல், கை கால் கழுவுதல் என்று சேர்த்தால் பத்து லீற்றரைத் தொடும். பத்துப் பேர் இரண்டு நாள் தங்கினால் 200 லீற்றர். அதை ஊர்க் கிணற்றில் அள்ளப்போகிறார்களா, பவுசரில் கொண்டுவரப் போகிறார்களா, அரை லீற்றர் பிளாஸ்டிக் போத்தல்களாக வாங்கி அடுக்கப்போகிறார்களா?

மலசலகூடம். கேட்கப் பலர் கூச்சப்படுவார்கள். மணலில் அழுக்கு வேகமாகக் கீழிறங்கும். கிணற்றுக்குக் கிட்டக் குழி வெட்டினால் அது எங்கே போய்ச் சேரும் என்று யோசித்துப் பாருங்கள். மூடியுள்ள வாளியும் மரத்தூளும் கொண்டுவந்து, எல்லாவற்றையும் திருப்பி எடுத்துப்போகும் குழு இருந்தால் அதை நம்பலாம்.

சக்கரம். மணல்மேட்டில் ஜீப்பும் குவாட் பைக்கும் ஏறினால் அந்தப் பயணத்துக்கு எந்தப் பெயர் வைத்தாலும் அது சூழலுக்கு நல்லதில்லை.

வழிகாட்டி எந்த ஊர், காசு யாருக்குப் போகிறது. அந்த மணலில் பிறந்து வளர்ந்தவர் வழிகாட்டினால் ஊருக்கும் நல்லது, உங்களுக்கும் பாதுகாப்பு.

இவற்றோடு பருவமும் மறைந்திருக்கும் செலவும் உண்டு. அவை இடத்துக்கு இடம் வேறுபடுவதால் அந்தந்த இடத்திலேயே சொல்கிறேன்.

## மணற்காடு

பருத்தித்துறையிலிருந்து தெற்கே சுமார் 10 கிலோமீற்றர். வல்லிபுர ஆழ்வார் கோயிலைச் சுற்றித் தொடங்கும் மணல், கடற்கரையை ஒட்டியபடி வடமராட்சி கிழக்கு நோக்கி நீள்கிறது. மணற்காட்டில் அது மேடுகளாக உயர்ந்து நிற்கிறது. ஒரு பக்கம் சவுக்குக் காடு, மறுபக்கம் கடல். நடுவே மணலுக்குள் பாதி புதைந்தபடி பழைய அந்தோனியார் கோயிலின் சுவர்கள். 2004 ஆழிப்பேரலை இந்த ஊரைக் கடுமையாகத் தாக்கியது. இறந்தவர்களின் கல்லறைகள் அங்கேயே இருக்கின்றன. பிள்ளைகளைக் கூட்டிப்போகும் பெற்றோர் அதையும் சொல்லிக் கூட்டிப்போவது நல்லது. படம் எடுத்து விளையாடும் இடம் மட்டுமாக அவர்கள் அதை நினைத்துவிடக் கூடாது.

இந்த மணலின் பெரிய அதிசயம் அதன் அடியில் இருக்கிறது. பெய்யும் மழையை மணல் உறிஞ்சிப் பிடித்து வைத்துக்கொள்கிறது. உப்புநீர் கனமானது, நன்னீர் இலேசானது. அதனால் கடலுக்கு இவ்வளவு கிட்டவும் உவர்நீரின் மேல் நன்னீர் ஒரு படையாக மிதந்து நிற்கிறது. ஆழமில்லாத கிணறுகளில் நல்ல தண்ணீர் கிடைப்பது இதனால்தான். மணலை லொறி லொறியாக அள்ளிக்கொண்டு போகும்போது அந்தத் தண்ணீர்ச் சேமிப்பையும் சேர்த்தே கொண்டுபோகிறார்கள். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறிவிடும். ஏறிய உவரை இறக்க மழைக்காலங்கள் பல வேண்டும்.

மேட்டைக் கட்டிப் பிடித்திருப்பவை அடம்பன் கொடியும் இராவணன் மீசை என்ற புல்லும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று சும்மாவா சொன்னார்கள்? நான் முதல்முறை அங்கே தங்கப் போனது யாழ் நகரில் ஒருவர் ஒழுங்கு செய்த பயணத்தில். இயற்கைக்கு நேயமான முகாம் என்று விளம்பரம் செய்திருந்தார்கள். போய் இறங்கினால் ஜெனரேற்றர் ஓடுகிறது, பெட்டி பெட்டியாகத் தண்ணீர்ப் போத்தல் இறங்குகிறது, மலசலகூடக் குழியை மேட்டின் அடிவாரத்தில் வெட்டியிருக்கிறார்கள். ஒரு கூப்பிடு தூரத்தில் ஊர்க் கிணறு. சாமான் ஏற்றிய ஜீப் கொடிப் பற்றையின் மேல் ஏறி இறங்கியதைப் பார்த்து ஓடிவந்த ஊர்ப் பெரியவர் ஒருவர், எங்கள் எல்லோரையும் பார்த்துச் சொன்னார்: "பிள்ளையள், கொடிக்கு மேல வாகனத்தை விடாதேங்கோ. கொடி போனால் மணல் எங்கட வீட்டுக்குள்ள வந்திடும்." புதைந்த கோயில் கண்ணுக்கு முன்னால் நிற்கும்போது அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அந்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அடுத்தமுறை ஊரவர் ஒருவரோடு, நடந்தே போனோம். சாமானைச் சைக்கிளில் வீதிவரை கொண்டுவந்து, அங்கிருந்து தலையில் சுமந்தோம்.

பருவத்தைப் பொறுத்தவரை மாசியும் பங்குனியும் எனக்குப் பிடித்தவை. மழை ஓய்ந்திருக்கும், கிணறுகள் நிறைந்திருக்கும், இரவில் குளிர்ச்சி இருக்கும். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வரும் ஆடி, ஆவணியில்தான் சிக்கல். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும். கூடார முளை மணலில் நிற்காது. உலை வைத்தால் சோற்றில் மணல். அந்த மாதங்களில்தான் போக முடியும் என்றால் சவுக்குக் காட்டின் மறைவில், ஊரவர் காட்டும் இடத்தில், ஒரே ஒரு இரவு தங்குங்கள்.

மறைந்திருக்கும் செலவு என்று பார்த்தால், காற்றில் கிழியும் கூடாரம் ஒன்று. வீட்டுப் பாத்திரம் பண்டங்களை ஏற்றி இறக்கும் கூலி இன்னொன்று. பணமாக இல்லாத ஒரு செலவும் உண்டு. கிராம அலுவலரிடம் முன்கூட்டியே சொல்லி, பொலிஸுக்கும் தெரியப்படுத்தி வைக்க ஒரு நாள் அலைய வேண்டும். அதைத் தவிர்த்தால் நடுஇரவில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டி வரலாம். இன்னொன்று, மணலிலும் பற்றையிலும் சுருட்டை விரியன் இருக்கும். இருட்டில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம், ரோச் லைற் கையில் இருக்கட்டும். கிட்டிய பெரிய வைத்தியசாலை மந்திகையில் இருக்கிறது. இது மணற்காட்டுக்கு இருக்கும் பெரிய வசதி. வயதானவர்களும் சிறுபிள்ளைகளும் சேர்ந்து போகும் குடும்பத்துக்கு இதைத்தான் நான் முதலில் சொல்வேன்.

## நெடுந்தீவு

இங்கே மணல்மேடு இல்லை. பவளப்பாறைக் கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக, சாந்து பூசாமல் அடுக்கிய வேலிகள், தனியே நிற்கும் பெருக்கு மரம், வெட்டவெளியில் கூட்டமாக மேயும் குதிரைகள். ஒல்லாந்தர் காலத்தோடு சேர்த்துப் பேசப்படும் அந்தக் குதிரைகளுக்கு இன்று சொந்தக்காரர் இல்லை. கோடை முற்றும்போது புல்வெளி முழுக்கப் பழுப்பாகி, வானமும் தரையும் ஒரே வெளிச்சமாகத் தெரியும். வறண்ட நிலத்தின் அமைதியை உணர வேண்டும் என்றால் நெடுந்தீவுக்கு ஈடாக நம் மாகாணத்தில் எனக்கு வேறு இடம் தெரியாது.

ஆனால் தண்ணீர்க் கணக்கில் நெடுந்தீவு மிகவும் பலவீனம். தீவின் கிணறுகள் பல உவர். கோடையில் ஊர்ச் சனத்துக்கே குடிதண்ணீர் தட்டுப்பாடு. வறட்சியில் குதிரைகள் தண்ணீரில்லாமல் செத்த காலங்களும் உண்டு. அப்படிப்பட்ட இடத்துக்குப் பதினைந்து பேராகப் போய், குளிக்கத் தண்ணீர் இல்லையா என்று கேட்பது நியாயமாக எனக்குப் படவில்லை. போவதென்றால் ஆறு பேருக்கு மேல் வேண்டாம். குடிதண்ணீரைக் கான்களில் யாழ்ப்பாணத்திலிருந்தே கொண்டுபோங்கள். இரண்டு நாள் குளிக்காமல் இருக்க முடியாதவர்கள் வேறு இடம் தேடலாம்.

கூடாரம் எங்கே அடிப்பது என்பது அடுத்த கேள்வி. தீவின் ஒரு பகுதி 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதற்குள் வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் தங்கக் கூடாது. குதிரைகள் தண்ணீர் குடிக்க வரும் இடங்களுக்குப் பக்கத்தில் தங்கினால், ஆளைக் கண்டு அவை இரவு முழுக்க ஒதுங்கி நிற்கும். ஒரு குடும்பத்தின் வளவில், பனை நிழலில் கூடாரம் போட்டுக்கொள்வதே நல்லது. அந்த வீட்டு அம்மாவோ அக்காவோ சமைத்துத் தரும் புட்டும் மீன்குழம்பும் கிடைக்கும், காசு நேராக அவர்கள் கைக்குப் போகும். குதிரைகளை விடியற்காலையில் நடந்துபோய்த் தூரத்திலிருந்து பார்க்கலாம்.

குறிகட்டுவானிலிருந்து படகில் ஒரு மணி நேரம் அளவு. மறைந்திருக்கும் பெரிய செலவு இந்தப் படகில்தான் இருக்கிறது. சோளகம் பலத்தாலும் வாடைக்காற்றில் கடல் கொந்தளித்தாலும் படகு ஓடாது. ஞாயிறு திரும்பி, திங்கள் வேலைக்குப் போகலாம் என்று கணக்குப் போட்டவர்கள் செவ்வாய் வந்து சேர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். விமானச் சீட்டுக்கு முதல்நாள் நெடுந்தீவில் இருக்காதீர்கள். தீவின் வைத்தியசாலை சிறியது, அவசரம் என்றால் கடல் தாண்டித்தான் வர வேண்டும். இதய நோயாளிகள், கைக்குழந்தையோடு வருபவர்கள் இரவு தங்காமல் பகலிலேயே போய்வருவது நல்லது. குப்பையும் அப்படித்தான். கொண்டுபோன ஒவ்வொரு உறையையும் திருப்பிக் கொண்டுவர வேண்டும். தீவில் விட்டுவந்தால் அது எரியும், இல்லாவிட்டால் கடலுக்குப் போகும்.

அமைதியைத் தேடும் இருவர், படம் வரைபவர், எழுதுபவர், தங்கள் பாட்டன் பூட்டன் ஊரைப் பார்க்க வரும் தீவார் வீட்டுப் பிள்ளைகள், இவர்களுக்கு நெடுந்தீவு பொருத்தம். மாசி முதல் சித்திரை வரை போங்கள். அப்போது தரவைகளில், அதாவது மேய்ச்சல் வெளிகளில், கொஞ்சம் பச்சையும் தண்ணீரும் மிஞ்சியிருக்கும்.

## தார் பாலைவனம்

இது முற்றிலும் வேறு அளவு. ஜெய்சல்மேர்ப் பக்கம் வருடம் முழுக்கப் பெய்யும் மழை 200 மில்லிமீற்றர் அளவே. நமக்கு ஒரு கார்த்திகை மாதத்திலேயே அதைவிட அதிகமாகக் கொட்டும். அந்த மழையை வைத்து அந்தச் சனம் வாழும் விதம்தான் என்னைப் பொறுத்தவரை அங்கே போவதற்கான முதல் காரணம். நிலத்துக்கடியில் தொட்டி கட்டி, சுற்றுத் தரையைச் சாய்வாக்கி, விழும் துளி எல்லாவற்றையும் அதற்குள் இறக்குகிறார்கள். பாத்திரத்தை மணலால் தேய்த்துத் துடைத்து வைத்துவிடுகிறார்கள். நான் தங்கிய வீட்டில் ஒரு செம்புத் தண்ணீர் முகம் கழுவி, கால் கழுவி, கடைசியில் ஒரு செடியின் அடியில் போய் முடிந்தது. கப்பி போட்ட கிணற்றடியில் வாளி வாளியாக ஊற்றிக் குளித்து வளர்ந்த எனக்கு அது பெரிய பாடம்.

இன்னொன்று என்னை அங்கே நெகிழ வைத்தது. அவர்கள் உயிராக மதிக்கும் கேஜ்ரி மரம் நம் வன்னி மரமேதான். விஜயதசமியன்று கோயில்களில் வாழையோடு சேர்த்துக் கட்டுகிறோமே, அதே வன்னி. அங்கே அதன் இலை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீவனம், காயைக் காயவைத்துக் கறி வைக்கிறார்கள். 1730இல் ஜோத்பூருக்குப் பக்கத்துக் கேஜர்லி கிராமத்தில் அரசனின் ஆட்கள் இந்த மரங்களை வெட்ட வந்தபோது, அம்ரிதா தேவி என்ற பெண் மரத்தைக் கட்டிப்பிடித்து நின்று உயிர் கொடுத்தார். அவரோடு சேர்த்துப் பிஷ்னோய் மக்கள் 363 பேர் இறந்ததாக அந்த மக்கள் நினைவுகூர்கிறார்கள். இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, இரவு நெருப்புக்கு அதே மரத்தின் விறகைப் போடும் வழிகாட்டியோடு போகாதீர்கள்.

அங்கே தேர்வு இரண்டு. ஜெய்சல்மேரிலிருந்து 40 கிலோமீற்றர் அளவில் சம் மணல்மேடுகள். கூடார விடுதிகள் வரிசையாக நிற்கும், இரவு பாட்டும் ஆட்டமும், பகலில் ஜீப் சவாரி. சரி, அதுவும் சிலருக்குப் பிடிக்கும். ஆனால் நீங்கள் தேடுவது அதுவாக இருக்காது. தென்மேற்கில் குரி போன்ற கிராமப் பக்கம் சிறிய குழுவாகப் போய், கிராமத்தவரோடு நடந்தோ ஒட்டகத்திலோ மணலுக்குள் இறங்குவது வேறு அனுபவம். ஒட்டகத்தின் முதுகில் புண் இருக்கிறதா, மூக்குக் கயிறு அறுத்திருக்கிறதா என்று ஏறுமுன் பாருங்கள். 3162 சதுர கிலோமீற்றர் பரந்த பாலைவனத் தேசியப் பூங்கா அங்கேதான் இருக்கிறது. அழிவின் விளிம்பில் நிற்கும் கானமயிலின் கடைசி இருப்பிடங்களில் அது ஒன்று. மின்கம்பிகளில் மோதி இறப்பது அந்தப் பறவையின் அழிவுக்குப் பெரிய காரணங்களில் ஒன்று. விளக்கும் ஒலிபெருக்கியும் இல்லாத முகாமைத் தேட இதைவிடக் காரணம் வேண்டுமா?

பருவத்தில் மிகுந்த கவனம் தேவை. கார்த்திகை முதல் மாசி வரை மட்டும். அப்போது பகல் இதமாக இருக்கும், இரவில் பல் கிட்டும் குளிர். நம்மிடம் இல்லாத கனமான போர்வை வேண்டும். கோடையில் போவது உயிரோடு விளையாடுவது. தாரின் விளிம்பில் உள்ள பலோடியில் 2016 மே மாதம் 51 பாகை செல்சியஸ் பதிவானது. ஆடி விடுமுறைக்கு வரும் பிள்ளைகளுக்குத் தார் என்ற பேச்சே வேண்டாம்.

செலவைச் சொன்னால், விளம்பரத்தில் போடும் கூடாரக் கட்டணம் மொத்தத்தில் சின்னப் பங்குதான். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு இந்திய விசா வேண்டும். பலாலியிலிருந்து சென்னை, அங்கிருந்து ராஜஸ்தான், பிறகு தரைவழி என்று போக வர மட்டும் நாலு நாள் கரையும். எல்லையை ஒட்டிய சில பகுதிகளுக்கு வெளிநாட்டவர் தனி அனுமதி எடுக்க வேண்டும். சூழலைப் பற்றி உண்மையாகக் கவலைப்படுபவர் விமானத்தின் புகையையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும். இரண்டு இரவு முகாமுக்காக இத்தனை தூரம் பறப்பது என் கணக்கில் சரிவராது. பத்து நாளுக்குக் குறையாமல் ஒதுக்கி, தமிழ்நாட்டிலிருந்து ரயிலில் போனால் சரிவரும். மன்னார்குடியிலிருந்து ஜோத்பூர் பக்கம் வாரம் ஒரு ரயில் ஓடுகிறது. இரண்டு நாளுக்குக் கிட்டிய பயணம், வழியில் நிலம் பச்சையிலிருந்து மண்ணிறமாக மாறுவதைச் சன்னலில் பார்த்துக்கொண்டே போகலாம்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | மணற்காடு | நெடுந்தீவு | தார் |
|---|---|---|---|
| நல்ல காலம் | மாசி, பங்குனி | மாசி முதல் சித்திரை | கார்த்திகை முதல் மாசி |
| தேவையான நாள் | 2 | 3, படகுக்கு 1 நாள் கூட | 10 |
| தண்ணீர் | இருக்கிறது, அளவாக எடுக்கலாம் | கொண்டுபோக வேண்டும் | அந்தச் சனத்தின் பங்கிலிருந்து |
| எதிர்பாராத செலவு | காற்று, கூடாரம் | தவறும் படகு | விசா, பயண நாட்கள் |
| யாருக்கு | குடும்பம், முதல்முறை போவோர் | இருவர் மூவர் | நாள் ஒதுக்கக்கூடிய பெரியவர்கள் |

சுண்டிக்குளத்தை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்பவர்களுக்கு: அது 1938 முதல் பறவைகள் சரணாலயம், 2015இல் தேசியப் பூங்காவானது. மாரியில் வரும் பூநாரைகளைப் பகலில், வீதியிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பி வாருங்கள். அங்கே கூடாரம் வேண்டாம். அந்தப் பக்கத்தில் மட்டுமின்றி வடக்கில் எங்கேயும் கண்ணிவெடி அபாயப் பலகையோ சிவப்புக் குறியோ கண்டால் அதற்கு அப்பால் ஒரு அடியும் வைக்க வேண்டாம். ஊரவர் வழிகாட்டியாக வேண்டும் என்று நான் வற்புறுத்த இதுவும் ஒரு காரணம்.

## என் தேர்வு

முதல்முறை போகிறவர்கள் மணற்காட்டுக்குப் போங்கள். ஆடியில் மட்டுமே நாள் கிடைக்கிறது என்றால் ஒரு இரவு, சவுக்கு மறைவில். மணற்காட்டில் ஒரு முறை தண்ணீரை அளந்து பாவிக்கப் பழகிய பிறகு, அடுத்த வருடம் மாசியில் வர முடிந்தவர்கள் நெடுந்தீவுக்குப் போகலாம். தார் அதற்கும் பிறகு.

முன்பணம் கட்டுமுன் ஒரு வேலை செய்யுங்கள். தைப்பொங்கல் முடிந்து வெள்ளம் வடிந்ததும் பருத்தித்துறைக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து ஓட்டோவில் மணற்காட்டுக்குப் போய், முகாம் போடும் இடத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பிறகு அங்கிருந்து கிட்டிய கிணறு வரைக்கும் நடந்து பாருங்கள். கிணற்றடியில் தண்ணீர் அள்ளுகிறவர்களிடம், இன்னாரின் ஆட்கள் இங்கே தங்க வருவது உங்களுக்குத் தெரியுமா, உங்களுக்குச் சம்மதமா என்று கேளுங்கள்.